பந்து கொண்டுபோன கசப்பு

ஜபார் சேர் பாடம் நடத்தினால் பக்கத்து வகுப்பும் சேர்ந்து படிக்கும். வெண்கண்டல் முஸ்லிம் வித்தியாலயத்தில் தரம் எட்டையும் தரம் ஏழையும் பிரித்தது தோளளவு உயரமான ஒரு பலகைத் தட்டிதான். அதற்கு மேலால் அவருடைய குரல் தாராளமாகப் போய் வரும். ஒரு நாள் அவர் எட்டாம் வகுப்புக்கு இதயத்தை இறால் பண்ணை மோட்டரோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். எந்தக் குழாயால் தண்ணீர் வருகிறது, எந்த வால்வு அதைத் திரும்பிப் போகவிடாமல் மறிக்கிறது என்று கையை நீட்டி, முழங்காலை மடக்கி, தானே ஒரு மோட்டராக மாறி நின்றார். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் வரலாற்றுப் புத்தகத்தை மூடிவிட்டுத் தட்டிப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்கள். வரலாறு படிப்பித்துக்கொண்டிருந்த மர்ளியா டீச்சரும் மேசையில் சாய்ந்தபடி முழுவதையும் கேட்டார்.

"சேர், உங்கட மோட்டர் சத்தத்துல எங்கட பராக்கிரமபாகு ராசா ஓடிட்டாரு," என்றார் இடைவேளையில்.

ஜபாருக்கு அது பாராட்டாகவே காதில் விழுந்தது. அவருக்கு ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துவிட்டால், அதை இன்னொருவருக்குச் சொல்லும் வரை சோறு இறங்காது. கல்பிட்டிப் பக்கம் சுழலும் காற்றாடிகளுக்கு ஏன் மூன்றே இறக்கை, சிலாபச் சந்தையில் மீன்மேல் போடும் ஐஸை ஏன் நொறுக்கிப் போடுகிறார்கள், எல்லாம் அவரிடம் ஆயத்தமாக இருக்கும். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் தப்ப முடியாது.

ஒரே ஒரு விஷயம்தான் அவரை உறுத்தியது. தவணைப் பரீட்சை வந்தால், அவ்வளவு ரசித்துக் கேட்ட பிள்ளைகள் தாளில் பாதியை வெறுமையாக விட்டுக் கொடுத்தார்கள்.

"ஏன் மகன், விளங்கல்லையா?" என்று ஸப்ராஸைக் கேட்டார். எட்டாம் வகுப்பில் பந்து விளையாட்டுக்குத் தலைவன் அவன்.

"நல்லா விளங்கிச்சு சேர். நீங்க செல்லக்குள்ள எல்லாம் விளங்கிச்சு. பேப்பரக் கண்டா... பக்கத்துல நீங்க இல்லையே சேர்."

இந்த உறுத்தல் இருந்தபடியால்தான், சிலாபத்தில் நடந்த ஆசிரியர் செயலமர்வுக்கு ஜபார் முகம் கோணாமல் போனார். மர்ளியா டீச்சரும் போனார். 'பின்லாந்து வழியில் மாணவர் மையக் கற்றல்' என்று மண்டப வாசலில் பதாகை கட்டியிருந்தது. நடத்தியவர் ஆசிரிய ஆலோசகர் அனஸ்தாசியா மிஸ். சிலாபத்துக்காரர், விஞ்ஞானப் பட்டதாரி, கணீரென்ற குரல்.

"இண்டையில இருந்து நாங்க கதைக்கிறதக் குறைக்க வேணும்," என்று தொடங்கிய மிஸ், மதியச் சாப்பாட்டுப் பார்சல்கள் ஆறிப்போகும் வரை நிறுத்தாமல் கதைத்தார்.

ஆனால் சொன்ன விஷயங்கள் நல்ல விஷயங்கள். பின்லாந்தில் ஆசிரியர்களை நீண்ட காலம் படிப்பிக்கிறார்களாம். பிறகு முழுமையாக நம்புகிறார்களாம். பாடத்தை எப்படி நடத்துவது என்பது ஆசிரியரின் பொறுப்பு. ஓர் ஆசிரியர் இன்னொருவரின் வகுப்பில் பின்னால் போய் உட்காரலாம். அப்போது பார்க்க வேண்டியது ஆசிரியரை அல்ல, பிள்ளையை. கேள்வி கேட்டால் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டும். பதில் வராவிட்டால் இன்னும் காத்திருக்க வேண்டும்.

"அங்க பாடசாலைகளப் பரிசோதிக்க ஆக்கள் வாறதில்ல. அவ்வளவு நம்பிக்கை," என்றார் மிஸ். பிறகு தாளைப் புரட்டினார். "நீங்க இதையெல்லாம் சரியாச் செய்றீங்களா எண்டு பரிசோதிக்க வாற தவணை ஒரு குழு வரும்."

மண்டபத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. மர்ளியா மட்டும் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

திரும்பி வந்த வாரமே மர்ளியா எட்டாம் வகுப்பின் கடைசி வாங்கில் போய் உட்கார்ந்தார். எல்லாப் பிள்ளைகளையும் பார்க்க முடியாது என்பதால் ஒருத்தியை மட்டும் பார்ப்பதென்று தீர்மானித்தார். அஸ்மியா. வகுப்பில் இருக்கிறாளா இல்லையா என்பதை வரவு இடாப்பைப் பார்த்துத்தான் அறிய வேண்டிய பிள்ளை. ஜபார் அன்று காற்றமுக்கத்தைப் பற்றிப் பிரமாதமாகப் படிப்பித்தார். அவருக்கே அது திருப்தியாக இருந்தது.

"எப்பிடி டீச்சர்?" என்றார் பிளேன்டீயோடு.

"அஸ்மியா ரெண்டு தரம் வாயத் தொறந்தா சேர்."

"அல்ஹம்துலில்லாஹ்! என்னவாம் கேட்டா?"

"ரெண்டும் கொட்டாவி."

ஜபார் முதலில் சத்தமாகச் சிரித்தார். சிரிப்பு முடிந்த பிறகு தேநீரைக் குடிக்க மனம் வரவில்லை.

"புள்ளக்கி விருப்பமில்லாம இல்ல சேர்," என்றார் மர்ளியா. "இடையில ஒருக்கா நிமிர்ந்தா. என்னமோ கேக்கத்தான் பார்த்தா. நீங்க அதுக்குள்ள அடுத்ததுக்குப் போய்ட்டீங்க."

"கேள்வி கேட்டுட்டு சும்மா நிக்க என்னால ஏலாது டீச்சர். நாக்கு தானா ஓடுது."

"எங்கட வாப்பாக்குப் பல்லு வலிச்சா கராம்பு வெச்சிக்குவாரு. அது வாயில ஈக்கிற மட்டும் வீட்டுல ஒரே அமைதி. உம்மாக்குப் பெருநாள்."

மறுநாளிலிருந்து ஜபார் சேரின் சட்டைப் பையில் ஒரு சின்னப் பொட்டலம் கராம்பு இருந்தது. கேள்வி கேட்பார். உடனே ஒரு கராம்பைக் கடைவாயில் வைத்துக் கடிப்பார். காரம் ஏறும். நாக்கு நுனி மரத்துப்போகும். அந்த நேரத்துக்குள் யாராவது ஒரு பிள்ளை பேசிவிடும். முதல் கிழமை பிள்ளைகள் சேருக்குப் பல்வலி என்றே நினைத்தார்கள்.

கராம்பு வேலை செய்தது. ஆனால் நாற்பது நிமிடப் பாடவேளை போதவில்லை. பிள்ளைகள் யோசித்துக் கையை வைக்கும் நேரத்தில் மணி அடித்துவிடும். ஜபார் பாடசாலை அதிபர் மக்பூலிடம் போய், நேரசூசியை மாற்றி வியாழக்கிழமைகளில் இரண்டு பாடவேளைகளைச் சேர்த்துத் தரும்படி கேட்டார்.

மக்பூல் சேர் நல்ல மனிதர். அவருக்குப் பிடித்த சொல் 'ஆயத்தம்'. எந்த அதிகாரி வந்தாலும் வெண்கண்டலுக்கு வசை வந்ததில்லை என்பது அவருடைய பெருமை. பரிசோதனைக்கு ஆட்கள் வரும் நாளில் பிள்ளைகளுக்கு அவர் ஒரு ஒழுங்கு வைத்திருந்தார். கேள்வி கேட்டால் எல்லோரும் கை உயர்த்த வேண்டும். பதில் தெரிந்தவர் வலக்கை, தெரியாதவர் இடக்கை. ஆசிரியர் வலக்கையைப் பார்த்துக் கேட்பார். வந்தவர்கள் வகுப்பு முழுதும் கை உயர்ந்ததைக் கண்டு மகிழ்ந்து போவார்கள்.

"ஒரு தவணைக்குத் தாறன்," என்றார் அதிபர். "குழு வந்து பார்த்திட்டு நல்லம் எண்டா, தொடர்ந்து செய்ங்க. அவங்கட முன்னுக்கு என்னமாச்சும் பெசகிச்செண்டா, பழைய நேரசூசிதான். நோட்ஸ் குடுங்க, மனனம் செய்யட்டும். சரியா சேர்?"

"சரி சேர்," என்றார் ஜபார். அப்போது அது அவருக்குச் சின்ன நிபந்தனையாகப் பட்டது.

முதல் வியாழனில் பிள்ளைகளிடம் அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். நம் ஊரைச் சுற்றி எதைக் கண்டால் 'இது எப்படி?' என்று தோன்றுகிறது? காற்றாடி, இறால் பண்ணை, படகு என்று பல வந்தன. ஆனால் பஸ்ஸில் போகும்போது தினமும் கண்ணில் படும் உப்பு வாய்க்கால் எனப்படும் உப்பளங்கள்தான் வென்றன. தண்ணீர் எப்படி உப்பாகிறது? செய்து பார்ப்பதென்று முடிவானது.

நான்கு குழு, நான்கு பிளாஸ்டிக் பேசின். கடலோடு சேர்ந்த களப்பின் தண்ணீரைத் துணியில் வடித்து ஊற்றி, மைதான ஓரத்தில் வெயிலில் வைத்தார்கள். புத்தளம் களப்பு கடலை விட உவர்ப்பு. வறண்ட கச்சான் காற்று அடிக்கும் மாதம் வேறு. வற்ற வற்ற மேலும் ஊற்றினார்கள். தண்ணீர் குறுகி, தடித்து, எண்ணெய் போல மெல்ல அசையத் தொடங்கியது.

முதலில் பேசினின் அடியில் வெள்ளையாக ஒரு படை பிடித்தது. பிள்ளைகள் ஓடி வந்து நாக்கில் தொட்டுப் பார்த்தார்கள். உப்பே கரிக்கவில்லை.

"சேர், இது சுண்ணாம்பு மாதிரி ஈக்கிது! உப்பு எங்க?"

ஜபாருக்கு அது என்னவென்று தெரியும். கடல்நீரில் கரைந்திருப்பது ஒரே பொருள் அல்ல, பல பொருள்கள். தண்ணீர் குறையக் குறைய ஒவ்வொன்றும் தன் முறை வந்ததும் வெளியே வருகிறது. மோசமாகக் கரைவது முந்திக்கொண்டு படியும், நன்றாகக் கரைவது கடைசி வரை தண்ணீரைப் பிடித்துக்கொண்டிருக்கும். பஸ்ஸில் இருந்து ஆட்கள் இறங்குவது போல. ஆஹா, எவ்வளவு நல்ல உவமை! சொல்லிவிட நாக்கு துள்ளியது. கராம்பைக் கடித்தார்.

"இன்னும் பாருங்க," என்று மட்டும் சொன்னார்.

அடுத்த கிழமை உப்பு வந்தது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஒவ்வொன்றும் சதுரப் பெட்டி. பெட்டியின் முகம் நடுவில் குழிந்து படிபடியாக உள்ளே இறங்கியது. யாரோ உட்கார்ந்து செதுக்கியது போல. அன்று பிள்ளைகள் தாங்களாகவே அந்தப் பெட்டியை வரைந்தார்கள். அஸ்மியா வரைந்ததில் படிகள் எல்லாம் சரியாக இருந்தன. அவள் ஒன்றும் பேசவில்லை.

பிறகுதான் அந்த விபத்து நடந்தது. எல்லாப் பேசினிலும் உப்புக்கு மேல் தடித்த தண்ணீர் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. ஸப்ராஸ் இடைவேளையில் உதைத்த பந்து நேரே போய் அவனுடைய குழுவின் பேசினையே சரித்தது. மிஞ்சிய தண்ணீர் மணலில் ஊறிப் போய்விட்டது. உப்பு மட்டும் அடியில் ஒட்டிக்கொண்டு கிடந்தது.

"டேய், கோல்போஸ்ட்டுக்கு அடிச்சா ஒண்டும் போகாது. பேசினுக்கு மட்டும் என்ன குறி!" என்று அவன் குழுவே அவனைத் துரத்தியது.

ஆனால் சில நாட்களில் கதை மாறியது. ஒழுங்காகச் செய்த மூன்று குழுக்களின் பேசின்களும் வற்றிவிட்டன. ஆனாலும் உப்பு காயவில்லை. ஈரமாக, ஒட்டும் சீனி மாதிரிக் கிடந்தது. வாயில் வைத்தால் கசந்தது. ஸப்ராஸ் கொட்டிய பேசினில் உப்பு பொலபொலவென்று காய்ந்து, நல்ல ருசியாக இருந்தது.

"இது அநியாயம் சேர்! நாங்க ஒரு சொட்டுக் கொட்டாம செஞ்சோம், கசக்குது. அவன் கவுத்துப்போட்டான், அவண்டது நல்லா ஈக்கிது!"

"எண்ட காலு ராசி," என்றான் ஸப்ராஸ்.

"ஏன் சேர் இப்பிடி? செல்லுங்க சேர்!"

ஜபார் இரண்டு கராம்புகளை ஒன்றாக வைத்துக் கடித்தார். கண்ணில் நீர் வந்தது. பிறகு கரும்பலகையில் ஒரு கேள்வியை எழுதினார்: பந்து எதைக் கொண்டுபோனது?

"வாற வியாழன் நீங்கதான் செல்லணும்," என்றார்.

வருகிற வியாழன்தான் குழு வரும் நாள். ஜபார் அதை எண்ணியே அந்தக் கேள்வியை வைத்தார். இரண்டு வகை உப்பும் முன்னால் இருக்கும். பிள்ளைகள் தொட்டு, ருசித்து, சண்டை பிடித்து, கண்டுபிடித்துவிடுவார்கள். அப்படி ஒரு வகுப்பைக் கண்டால் யார்தான் நல்லம் என்று சொல்லமாட்டார்கள்? அந்த வியாழக்கிழமைகளை இழப்பதை அவரால் இப்போது நினைத்தும் பார்க்க முடியவில்லை. இத்தனை வருடம் படிப்பித்ததில், பிள்ளைகள் தன்னை விட அதிகமாகக் கதைத்த நாட்கள் அவைதான்.

புதன்கிழமை அதிபர் பாடசாலை முழுவதும் சுற்றி வந்தார். வாசலில் வாழை நட்டது, பாண்ட் வாத்தியம் துடைத்தது, வலக்கை இடக்கை ஒத்திகை பார்த்தது, எல்லாம் முடிந்தது. விஞ்ஞான மூலையில் நின்று ஒரு பேசினில் விரலை வைத்து ருசித்தார். முகம் சுருங்கியது.

"சேர், நீங்க போங்க," என்றார் ஜபாரிடம், தோளைத் தட்டி. "களச்சிப் போய் ஈக்கிறீங்க. மிச்ச ஆயத்தத்த நான் பார்த்துக்கிறன்."

ஜபார் நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்.

வியாழன் காலை மாலை, பாண்ட், வரவேற்பு எல்லாம் ஒரு குறையுமில்லாமல் நடந்தன. அனஸ்தாசியா மிஸ்ஸும் வேறு இரண்டு அதிகாரிகளும் எட்டாம் வகுப்பின் பின் வாங்கில் அமர்ந்தார்கள். அவர்கள் பக்கத்தில் அதிபர். ஓரமாக மர்ளியா. நான்கு மேசைகளில் நான்கு பேசின்கள் பத்திரிகைத் தாளால் மூடியிருந்தன.

ஜபார் ஒவ்வொரு தாளாக எடுத்தார். கை அப்படியே நின்றுவிட்டது.

நான்கு பேசினிலும் பால் போன்ற வெள்ளை உப்பு. அடிமட்டக் கோலால் மட்டம் தட்டி, நடுவில் ஒவ்வொரு செவ்வரத்தம் பூ வைத்திருந்தது. ஈரம் இல்லை. ஒட்டல் இல்லை. கசப்பு இருக்கவும் வழியில்லை.

அவர் அதிபரைப் பார்த்தார். அதிபர் கண்ணை மூடித் திறந்து, 'பயப்பட வேணாம், எல்லாம் பார்த்திட்டன்' என்பது போல் தலையசைத்தார்.

ஜபார் எடுத்த தாளை மடித்து வைத்தார். பாடம் நின்ற இடமே அந்தக் கசப்புத்தான். அது இல்லாமல் பந்து எதைக் கொண்டுபோனது என்று எதை வைத்துக் கேட்பது? பேசாமல் கரும்பலகைப் பக்கம் திரும்பி, தானே எல்லாவற்றையும் விளக்கிவிடலாம். அழகாக விளக்குவார். அதிகாரிகளும் ரசிப்பார்கள். பஸ் உவமை வேறு கையில் இருக்கிறது.

கராம்பை எடுத்து வாயில் போட்டார்.

"என்ன காணுறீங்க?" என்றார் பிள்ளைகளிடம்.

ஒத்திகைப்படி வகுப்பு முழுதும் கை உயர்ந்தது. அத்தனையும் வலக்கை. ஓர் இடக்கை மட்டும், காதளவுக்கு, பயந்து பயந்து உயர்ந்து நின்றது. அஸ்மியாவின் கை.

"அஸ்மியா, செல்லுங்க மகள்."

அதிபர் இருந்த கதிரை கிறீச்சிட்டது. இடக்கையைக் கேட்பதா!

அஸ்மியா எழுந்தாள். "எனக்குத் தெரியா சேர்." ஜபார் காத்திருந்தார். கராம்பின் காரம் காது வரை ஏறியது. "ஆனா இது எங்கட உப்பு இல்ல."

"எப்பிடிச் செல்லுறீங்க?"

"எங்கட உப்பு கண்ணாடியில பார்த்தா குழிப் பெட்டி. இதுல பெட்டியே இல்ல. எல்லாம் உடஞ்ச தூள்." அவள் பேசினுக்குள் விரலை விட்டுச் சுரண்டினாள். "அடியில அந்தச் சுண்ணாம்புப் படை அப்பிடியே ஈக்கிது. பேசின் எங்கடதான் சேர். உப்புத்தான் வேற."

அதற்குப் பிறகு ஒத்திகையை எல்லோரும் மறந்துபோனார்கள். பூதக்கண்ணாடிக்குச் சண்டை பிடித்தார்கள். ருசித்தார்கள். ஒரு பிள்ளை விரலை ஈரமாக்கி ஒற்றிப் பார்த்து, "கடைத்தெரு உப்பு!" என்று தீர்ப்புச் சொன்னது. ஸப்ராஸின் பேசினில் மட்டும் மேலே பூவும் தூளும் இருக்க, கீழே பழைய பெட்டி உப்பு அகப்பட்டது.

"நேத்து பெல் அடிக்கக்குள்ள மத்ததெல்லாம் நனஞ்சிதான் ஈந்திச்சு," என்றான் ஸப்ராஸ், இடுப்பில் கை வைத்து. "அதுக்குப் பிறகுதான் யாரோ மாத்தீக்கிது."

"காலைல நான் சோக் கட்டி எடுக்கப் போகக்குள்ள அதிபர் சேர்ட அலுமாரிக்குப் பக்கத்துல வெறும் உப்புப் பெக்கட்..." என்று தொடங்கிய ஒரு சிறுமி, தான் என்ன சொல்கிறோம் என்பது விளங்கியதும் பாதியில் நின்றாள்.

வகுப்பு அடங்கியது. தட்டிக்கு அப்பால் ஏழாம் வகுப்பும் அடங்கியது.

அதிகாரிகள் பிள்ளைகளைப் பார்த்தார்கள். பிள்ளைகள் ஜபாரைப் பார்த்தார்கள். அதிபர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி, 'நிறுத்துங்க' என்று கண்ணால் கெஞ்சினார். 'போதும் பிள்ளைகள், இருங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதிபரின் மானம் தப்பும். வியாழக்கிழமையும் தப்பும். நேரசூசி எழுதுவது அவர்தானே.

ஆனால் அஸ்மியா இன்னும் நின்றுகொண்டிருந்தாள். விரல் நுனியில் உப்பு. இந்த வருடம் முதல் முறையாக வாயைத் திறந்து அவள் ஒன்றைச் சொல்லியிருந்தாள். அது சரியாகவும் இருந்தது. இப்போது 'இருங்க' என்றால் அவள் உட்காருவாள். பிறகு எழும்பவே மாட்டாள்.

ஜபார் பொட்டலத்தில் மிஞ்சியிருந்ததில் ஒரு பிடியை எடுத்து வாய்க்குள் போட்டுக்கொண்டார். வாய் எரிந்தது. அவர் பேசாமல் நின்றார்.

கதிரை மறுபடி கிறீச்சிட்டது. மக்பூல் சேர் எழுந்து நின்றார்.

"நான்தான் பிள்ளைகள்," என்றார். "கசந்திச்சு. வாறவங்க வாயில வெச்சா என்ன நெனப்பாங்க எண்டு... நான்தான் மாத்தின."

அஸ்மியாதான் கேட்டாள். இந்த முறை கையையும் உயர்த்தவில்லை.

"எங்கட கசப்ப எங்க போட்டீங்க சேர்?"

"என்ன மகள்?"

"கசக்கிற உப்பு. அது இல்லாம நாங்க எப்பிடிக் கண்டுபிடிக்கிற?"

"கொட்டல்ல, கொட்டல்ல," என்றார் அதிபர் அவசரமாக. "தண்ணித் தாங்கிக்குப் பின்னுக்கு, ஒடஞ்ச கதிரையில, உரப்பையில கட்டி வெச்சிருக்கிறன்."

வகுப்பு முழுதும் வெளியே ஓடியது. அதிகாரிகளும் பின்னால் போனார்கள். கதிரையின் மேல் உரப்பை சாய்ந்திருந்தது. அதன் கீழ் மூலையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடிந்தது. கதிரைக்குக் கீழே நிலம் நனைந்து கிடந்தது.

"சேர் தண்ணி ஊத்தினீங்களா?"

"இல்லையே! நான் உப்ப மட்டும்தானே கட்டின," என்றார் அதிபர். இப்போது அவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க இருந்து இந்தத் தண்ணி?"

ஸப்ராஸ் ஒரு சொட்டை விரலில் ஏந்தி நாக்கில் வைத்தான். அடுத்த கணம் துப்பிக்கொண்டு துள்ளினான். "சீச்சீ! வேப்பெண்ணெ!"

அஸ்மியா பையின் வாயை அவிழ்த்து மேலிருந்து கொஞ்சம் உப்பை எடுத்தாள். ருசித்தாள். மறுபடி ருசித்தாள். பக்கத்துப் பிள்ளைக்குக் கொடுத்தாள்.

"அவ்வளவு கசக்கல்ல," என்றது அந்தப் பிள்ளை.

ஜபாருக்குள் முழு விளக்கமும் வரிசையாக வந்து நின்றது. கடைசி வரை தண்ணீரை விடாத அந்தக் கசப்பு உப்பு, களப்புக் காற்றில் இருக்கும் ஈரத்தையே இழுத்துக் குடிக்கும். குடித்துக் குடித்துத் தானே கரைந்து ஒழுகும். பேசினுக்குள் ஒழுக வழியில்லை. அதனால் உப்பு நனைந்தே கிடந்தது. பையில் ஓட்டை இருந்தது. அதிபர் மறைத்து வைத்ததாக நினைத்துக்கொண்டு, வடிகட்டி வைத்திருக்கிறார்! இதைச் சொல்லாமல் ஒரு மனிதன் எப்படி உயிரோடு இருப்பது?

பக்கத்தில் அனஸ்தாசியா மிஸ்ஸின் முகமும் அதே பாடுபட்டது. விஞ்ஞானப் பட்டதாரி. கண்கள் பளபளத்தன. விரலை உயர்த்தி, "பிள்ளைகள், இதில இருக்கிறது மக்னீ..." என்று தொடங்கிவிட்டார்.

ஜபார் பொட்டலத்தின் கடைசிக் கராம்பை அவரிடம் நீட்டினார்.

மிஸ் கராம்பைப் பார்த்தார். ஜபாரின் கலங்கிய கண்களைப் பார்த்தார். சத்தமில்லாமல் அதை வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்.

அந்த அமைதிக்குள் அஸ்மியா பேசினாள். மெதுவாக, யோசித்து யோசித்து. "கசப்பு உப்புல இல்ல. உப்பு வந்த பிறகு மிஞ்சின தண்ணியிலதான். நாங்க அதக் கொட்டாம அதையும் சேர்த்துக் காயவெச்சோம். ஸப்ராஸ்டத பந்து கொட்டிட்டுது."

"பந்து கசப்பத்தான் கொண்டு போன!" என்று கத்தினான் ஸப்ராஸ். "நான் சென்னன் தானே, எண்ட காலு ராசி எண்டு!"

"அப்ப உப்பு வாய்க்கால்லயும் கடசித் தண்ணிய வெளிய விடுவாங்களா?" என்றது ஒரு குரல். "போய்ப் பார்த்தாத்தான் தெரியும்," என்றது இன்னொன்று. மணி அடித்தது. ஒருவரும் அசையவில்லை.

அனஸ்தாசியா மிஸ் கராம்பைக் கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு அதிபரின் பக்கம் திரும்பினார். "இந்த வியாழக்கிழமை வகுப்பு, அதிபர்... தொடர்ந்து நடக்குமா?"

மக்பூல் சேர் இன்னும் குனிந்து, பையின் மூலையில் திரளும் சொட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் ஊற்றாத பையிலிருந்து தண்ணீர் வருகிறது. அது அவரை விடவில்லை.

"இத மாத்தி வெய்யில்ல வெச்சா நிக்குமா, இன்னும் வடியுமா?" என்று பக்கத்தில் நின்ற அஸ்மியாவைக் கேட்டார்.

"தெரியா சேர்."

"எனக்கும் தெரியா." அவர் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "வாற வியாழன் நானும் வாறன். பையத் தொட வேணாம், யாரும். நானும் தொடமாட்டன்."

அதிகாரிகளை அனுப்பிவிட்டு ஜபார் ஆசிரியர் அறைக்கு வந்தபோது மர்ளியா டீச்சர் பிளேன்டீயோடு காத்திருந்தார்.

"இண்டைக்கும் அஸ்மியாவத்தான் பார்த்தன் சேர். எத்தன தரம் வாயத் தொறந்தா செல்லுங்க பார்ப்பம்?"

ஜபார் பதில் சொல்ல வாயைத் திறந்தார். நாக்கு மரக்கட்டையாகக் கிடந்தது. உதடும் அவருடையதாக இல்லை. 'ழ'வும் 'ள'வும் கலந்த ஏதோ ஒரு சத்தம்தான் வந்தது. வாசலுக்கு வெளியே யாரோ ஒரு பிள்ளை களுக்கென்று சிரித்தது.

"ஓம் சேர்," என்றார் மர்ளியா. "எனக்கும் எண்ண ஏலாமப் போச்சு."